குடும்பப் படங்களுக்கு வீட்டிலேயே ஒரு சர்வர்

கூகுள் போட்டோஸ் 2015 மே மாதம் அறிமுகமானபோது தந்த வாக்குறுதி எளிமையானது. படத்தின் தரத்தைச் சற்றே குறைத்துக்கொள்ளச் சம்மதித்தால் போதும். எத்தனை படங்கள் வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம், காசு வேண்டாம். ஆறு ஆண்டுகள் கழித்து, 2021 ஜூன் 1 அன்று அந்த வாக்குறுதி முடிவுக்கு வந்தது. அன்றுமுதல் புதிதாக ஏற்றும் படங்கள் 15 ஜிபி இலவச இடத்தின் கணக்கில் சேர்கின்றன. அந்த 15 ஜிபியில் ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் பங்கு உண்டு. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் பெரும்பாலான குடும்பங்கள் ஆல்பம் போடுவதையே விட்டிருந்தன. பிள்ளையின் காதுகுத்து, அக்காவின் வளைகாப்பு, தாத்தாவின் சதாபிஷேகம் எல்லாம் அந்த ஒரே கிடங்குக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. "இடம் நிறைந்துவிட்டது" என்ற அறிவிப்பு போனில் வரத் தொடங்கியபோது கண்ணில் பட்டவை இரண்டே வழிகள். மாதாமாதம் சந்தா கட்டுவது. இல்லாவிட்டால் உட்கார்ந்து படங்களை அழிப்பது.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கணினியில், மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் கட்டற்ற மென்பொருளை நிறுவி, படங்களையும் ஆவணங்களையும் வீட்டிலேயே வைத்துக்கொள்வது. கணினித் துறையினர் இதை 'செல்ஃப் ஹோஸ்டிங்' என்பார்கள். ஆர்வலர்களின் பொழுதுபோக்காக இருந்த இந்த வேலை, கொஞ்சம் கணினி தெரிந்த ஒருவர் இருக்கும் எந்த வீட்டுக்கும் இன்று சாத்தியம். சாத்தியம் என்பதோடு, தேவையும்கூட. ஒரு குடும்பத்தின் படங்களுக்கும் பத்திரங்களுக்கும் குறைந்தது ஒரு பிரதியாவது அந்தக் குடும்பத்தின் கையிலேயே, எந்த நிறுவனமும் தொலைவிலிருந்து நிறுத்த முடியாத மென்பொருளில் இருக்க வேண்டும்.

யார் கையில் சாவி?

இணையச் சேவைகள் மூடப்படுவது புதிய செய்தியே இல்லை. இந்திய இளைஞர்கள் ஒரு காலத்தில் பொழுதெல்லாம் கிடந்த ஆர்குட், 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் 2019 மார்ச்சில் ஒப்புக்கொண்ட விஷயம் இன்னும் மோசம். சர்வர் மாற்றும் வேலையில் ஏற்பட்ட கோளாறால், மூன்று ஆண்டுகளுக்கு முன்புவரை பயனர்கள் ஏற்றியிருந்த பாடல்களும் படங்களும் வீடியோக்களும் தொலைந்துபோயின. சொந்தப் பிரதி வைத்துக்கொள்ளாத இசைக் குழுக்களின் முதல் பதிவுகள் அத்தோடு போயின.

மூடாத சேவையும் ஒருவரை மட்டும் வெளியே தள்ள முடியும். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 2021-இல் ஒரு தந்தை, தன் சின்னக் குழந்தையின் உடம்பில் இருந்த வீக்கத்தைப் படமெடுத்தார். மருத்துவமனைச் செவிலியர் கேட்டதால் எடுத்த படம் அது. போனிலிருந்து அது தானாகவே கூகுள் கணக்குக்குப் போயிற்று. அங்கிருந்த தானியங்கிச் சோதனை அதைக் குழந்தைகள் மீதான பாலியல் குற்றமாகக் கருதியது. காவல்துறை விசாரித்து, குற்றம் எதுவும் நடக்கவில்லை என்று முடித்துவிட்டது. கணக்கு மட்டும் திரும்பவில்லை. பல ஆண்டு மின்னஞ்சல்கள், தொடர்பு எண்கள், மகன் பிறந்தது முதல் எடுத்த படங்கள், கூகுள் வழி வாங்கிய போன் எண் எல்லாம் ஒரே நாளில் கைவிட்டுப் போயின. நியூயார்க் டைம்ஸ் 2022 ஆகஸ்டில் இதை வெளியிட்ட பிறகும் நிறுவனம் தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

பெரிய நிறுவனங்களுக்கும் இதே கதிதான். குஜராத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி மீது ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூலையில் பொருளாதாரத் தடை விதித்தது. உடனே மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. கட்டணம் செலுத்திப் பெற்ற மின்னஞ்சலுக்குள்ளேயே ஊழியர்கள் நுழைய முடியவில்லை. நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஜூலை முடிவதற்குள் சேவை திரும்பியது. நீதிமன்றம் போக நயாராவால் முடிந்தது. கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடைக்காரரோ, மதுரையில் ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியரோ எங்கே போய் முறையிடுவார்கள்? கணக்கைத் தொடங்கும்போது 'சம்மதம்' என்று அழுத்திய நிபந்தனைகளிலேயே, கணக்கை நிறுத்தும் உரிமையும் எழுதப்பட்டிருக்கிறது.

பழைய லேப்டாப் போதும்

சர்வர் என்றதும் குளிரூட்டிய அறையும் வரிசை வரிசையாக மின்னும் விளக்குகளும் நினைவுக்கு வரும். ஆனால், உலகின் முதல் இணையத்தள சர்வர் ஒரு மேசைக் கணினிதான். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ பயன்படுத்திய அந்த நெக்ஸ்ட் கணினியின் மேல், இது ஒரு சர்வர், யாரும் அணைக்க வேண்டாம் என்று கையால் எழுதிய சீட்டு ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. எப்போதும் இயங்கிக்கொண்டிருந்து, மற்றக் கருவிகள் கேட்பதைக் கேட்டபோது தரும் கணினிதான் சர்வர்.

அப்படிப்பட்ட கணினிகள் இப்போது நிறையவே கிடைக்கின்றன. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாற, கிட்டத்தட்ட 2018-க்குப் பிந்தைய பிராசசர் வேண்டும். அதற்கு முந்தைய கணினிகள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே எக்ஸ்சேஞ்சுக்கும் காயலான் கடைக்கும் போகின்றன. 8 ஜிபி ராம் உள்ள அத்தகைய ஒரு லேப்டாப்பில் டெபியன் லினக்ஸை நிறுவி, ஒரு ஹார்ட் டிஸ்க்கை இணைத்தால் வீட்டு சர்வருக்கான உடல் தயார். கரண்ட் போனால் அதன் பேட்டரியே யூபிஎஸ் வேலை பார்க்கும். ஆனால், எந்நேரமும் சார்ஜரிலேயே இருக்கும் பேட்டரி உப்பிப்போகும் வாய்ப்பு உண்டு. 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி அமைத்துவிட வேண்டும். உப்பிய பேட்டரி என்றால் கழற்றிவிட வேண்டும்.

மின்கட்டணம் எகிறிவிடாதா என்பது எந்த வீட்டிலும் முதலில் எழும் கேள்வி. புதிதாக விற்கும் சிறிய மினி பிசிகள் சும்மா இருக்கும்போது 10 வாட் அளவே இழுக்கின்றன. 10 வாட் கருவி இரவுபகலாக இரண்டு மாதம் ஓடினால் 14.4 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதை வைத்துப் பார்த்தால், இது பயப்படும் தொகையில்லை. பழைய லேப்டாப் 15 வாட் எடுத்தாலும் 21.6 யூனிட்தான். பழைய மேசைக் கணினி மட்டும் இதைவிடப் பல மடங்கு தின்னும். அதைத் தவிர்ப்பது நல்லது.

படம், பத்திரம்

வீட்டு சர்வரைத் தொடங்க மிகப் பொருத்தமான மென்பொருள் இம்மிச். அலெக்ஸ் டிரான் என்ற நிரலாளர் தன் குடும்பப் படங்களை வைத்துக்கொள்ள 2022-இல் தொடங்கியது. பார்ப்பதற்குக் கூகுள் போட்டோஸ் போலவே இருக்கும். போனில் இம்மிச் செயலியை வைத்து வீட்டு சர்வரின் முகவரியைக் கொடுத்துவிட்டால், வீட்டு வைஃபைக்குள் வரும்போது புதிய படங்கள் தாமாகவே சர்வருக்குப் போய்விடும். வீட்டில் ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். திருமண ஆல்பத்தை மட்டும் எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம். முகங்களைப் பிரித்தறியும் வேலையும் அந்தப் பழைய கணினியிலேயே நடக்கிறது. பாட்டியின் முகத்துக்கு ஒருமுறை பெயர் கொடுத்தால், பாட்டி இருக்கும் படங்களையெல்லாம் தேடி அடுக்கிவிடும். அதற்காக ஒரு படமும் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. "கடற்கரை", "சிவப்புப் புடவை" என்று சொற்களாலும் தேடலாம். நிறுவியதும் வரும் மாடல் ஆங்கிலத்துக்கானது. பல மொழி மாடல்களுக்கு மாற்றிக்கொள்ளும் வசதி செட்டிங்கில் இருக்கிறது.

நிறுவுவதற்கு டாக்கர் என்ற கருவி உதவுகிறது. இம்மிச் தளம் தரும் இரண்டு கோப்புகளை இறக்கி, படங்கள் எந்த ஃபோல்டரில் சேர வேண்டும் என்பதையும் ஒரு பாஸ்வேர்டையும் அதில் எழுதி, ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் சர்வர், முகம் அறியும் பகுதி, டேட்டாபேஸ் எல்லாம் ஒன்றாக எழுந்து நிற்கும். லினக்ஸ் கொஞ்சம் பழகிய கல்லூரி மாணவர் ஒருவருக்கு இது ஒரு மாலை நேர வேலை. படங்கள் சாதாரணக் கோப்புகளாகவே ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும். நாளைக்கு இம்மிச்சே இல்லாமல் போனாலும் அந்தக் கோப்புகளை எந்தக் கணினியிலும் திறக்கலாம்.

அடுத்தது ஆவணங்கள். பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸ் என்ற மென்பொருள், ஸ்கேன் செய்த தாள்களை வாங்கி, அதிலுள்ள எழுத்துகளைப் படித்து, தேடத்தக்கதாக ஆக்கிவைக்கிறது. எழுத்தைப் படிக்க அது பயன்படுத்தும் டெசராக்ட், ஹெச்பி நிறுவனத்தில் பிறந்து 2005-இல் கட்டற்ற மென்பொருளாக வெளியானது. அதற்குத் தமிழ் தெரியும். அமைப்புகளில் தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்துக் குறித்துவிட்டால், அச்சிட்ட தமிழ்ப் பத்திரத்தின் உள்ளடக்கத்தையும் தேடி எடுக்கலாம். கிரையப் பத்திரம், வில்லங்கச் சான்று, சாதிச் சான்றிதழ், இன்ஷூரன்ஸ் பாலிசி, மிக்ஸி வாங்கிய பில் என ஒவ்வொன்றையும் தேடி பீரோவைக் கலைக்கும் வேலை குறையும். பத்திர எழுத்தர் கையால் எழுதிய பழைய பத்திரங்களை மட்டும் அது படிக்காது. அவற்றுக்குத் தலைப்பும் குறிச்சொல்லும் கையால்தான் போட வேண்டும்.

பட்டா எண்ணும் ஆதார் எண்ணும் இருக்கும் தாள்களை வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிச் சேமித்துவைப்பது இன்று பரவலான பழக்கம். அந்த ஒரு பழக்கத்தை மாற்றினாலே வீட்டு சர்வருக்குப் போட்ட உழைப்பு வீணாகாது.

ஏன் கட்டற்ற மென்பொருள்?

வீட்டில் வைப்பது மட்டும் போதாது, எந்த மென்பொருளை வைக்கிறோம் என்பதும் முக்கியம். வெஸ்டர்ன் டிஜிட்டல் விற்ற மை புக் லைவ் என்ற வீட்டுச் சேமிப்புப் பெட்டி இதற்கு உதாரணம். அதற்கான அப்டேட்களை நிறுவனம் 2015-இலேயே நிறுத்திவிட்டது. 2021 ஜூனில் யாரோ அதிலிருந்த ஓட்டையைப் பயன்படுத்தி, இணையத்தோடு இணைந்திருந்த பெட்டிகளைத் தொலைவிலிருந்தே ஃபேக்டரி ரீசெட் செய்தார்கள். பெட்டி வீட்டில்தான் இருந்தது. உள்ளே இருந்தவை அழிந்தன. நிறுவனம் கைகழுவிய பிறகு அந்த மென்பொருளைச் சரிசெய்து தர வேறு யாராலும் முடியாத நிலை.

கட்டற்ற மென்பொருளில் நிலைமை வேறு. எம்பி என்ற வீட்டு சினிமா சர்வர் மென்பொருளை நடத்தியவர்கள் 2018 டிசம்பரில் அதன் மூலநிரலை மூடியபோது, கடைசியாகத் திறந்திருந்த பதிப்பை எடுத்து வேறு சிலர் வேலையைத் தொடர்ந்தார்கள். அதுதான் இன்றைய ஜெல்லிஃபின். கோப்புகளைச் சேமித்துப் பகிரும் ஓன்கிளவுட் மென்பொருளைத் தொடங்கிய ஃபிராங்க் கார்லிட்செக் 2016-இல் அந்த நிறுவனத்தை விட்டு விலகியபோதும், அதே மூலநிரலிலிருந்து நெக்ஸ்ட்கிளவுட் பிறந்தது. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு 2024-இல் தன் 30,000 அலுவலகக் கணினிகளை மைக்ரோசாஃப்ட்டிலிருந்து மாற்றப்போவதாக அறிவித்தபோது, கோப்புகளுக்காகத் தேர்ந்தெடுத்ததும் அதே நெக்ஸ்ட்கிளவுட்தான். நடத்துபவர் மனம் மாறினாலும் வேலை தொடரும் என்ற உறுதியை உரிமமே தருகிறது. இம்மிச்சும் ஏஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் வருவதால் அந்த உறுதி அதற்கும் உண்டு. இம்மிச் குழு பணம் வாங்கிக்கொண்டு ஆதரவாளர்களுக்கு 'புராடக்ட் கீ' விற்கிறது. வாங்காதவருக்கு எந்த வசதியும் மறுக்கப்படுவதில்லை.

ஆபத்துகள் உண்மையானவை

வீட்டு சர்வரை எதிர்ப்பவர்கள் சொல்லும் வாதங்களை ஒதுக்கித்தள்ள முடியாது. பாஸ்வேர்டுகளைப் பாதுகாக்கும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் 2022-இல் நடந்த பெரிய திருட்டுக்கு ஒரு வாசல், அந்நிறுவனப் பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினி. அதிலிருந்த பிளெக்ஸ் என்ற சினிமா சர்வர் மென்பொருள் அப்டேட் செய்யப்படாமல் கிடந்தது, அதிலிருந்த ஓட்டை வழியாகத் திருடர்கள் நுழைந்தார்கள். அந்த ஓட்டைக்கான திருத்தம் 2020 மே மாதமே வெளியாகியிருந்தது. நிறுவியதோடு மறந்துவிடப்பட்ட சர்வர், சர்வர் இல்லாததைவிட மோசம். மாதம் ஒருமுறையாவது உட்கார்ந்து அப்டேட் போடத் தயாராக இல்லாத வீடு இந்த வேலையில் இறங்கக் கூடாது.

இன்னொரு முக்கியமான முன்னெச்சரிக்கை, சர்வரை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடாமல் இருப்பது. வெளியூரிலிருந்து வீட்டுப் படங்களைப் பார்க்க இம்மிச்சை இணையத்துக்குத் திறக்க வேண்டியதில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் 2020 மார்ச்சில் சேர்ந்த வயர்கார்டு என்ற மென்பொருள், போனுக்கும் வீட்டுக்கும் இடையே மறையாக்கிய தனிப் பாதை போட்டுத்தருகிறது. அதன்மேல் இயங்கும் டெயில்ஸ்கேல் போன்ற சேவைகள் வேலையை இன்னும் எளிதாக்குகின்றன. மின்னஞ்சலை வீட்டுக்குக் கொண்டுவரும் ஆசையை விட்டுவிடுவது நல்லது. வீட்டு இணைப்பிலிருந்து வரும் மின்னஞ்சலைப் பெரிய சேவைகள் நம்புவதில்லை. அது பெறுபவரின் ஸ்பேம் பெட்டிக்குப் போகும், இல்லையென்றால் போய்ச் சேரவே சேராது.

ஹார்ட் டிஸ்க் ஒருநாள் சாகும். அதற்காகக் கிளவுட் சாகாது என்று நினைப்பதும் தவறு. பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று 2021 மார்ச் 10 அன்று எரிந்து சாம்பலானது. தென் கொரியாவின் டேஜான் நகரில் 2025 செப்டம்பரில் அரசு டேட்டா சென்டரில் பற்றிய தீ, அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேர்த்துவைத்த ஜி-டிரைவை முழுதாக அழித்தது. 858 டெராபைட், அதற்கு வெளியே பேக்கப் இல்லை. விதைநெல் முழுவதையும் ஒரே குதிரில் கொட்டிவைக்காத விவசாயியின் முன்யோசனை இங்கேயும் வேண்டும். புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோ பரப்பிய 3-2-1 விதி அதைத்தான் சொல்கிறது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். சர்வரில் ஒன்று, கழற்றி எடுத்துவைக்கும் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டில் ஒன்று.

இங்கே பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. இம்மிச்சில் படங்கள் ஓரிடத்தில், டேட்டாபேஸ் வேறிடத்தில். படங்களை மட்டும் பேக்கப் எடுத்தால் படங்கள் பிழைக்கும். பாட்டியின் முகத்துக்குக் கொடுத்த பெயரும் ஆல்பங்களும் போய்விடும். டேட்டாபேஸின் பிரதியை இம்மிச் தினமும் எடுத்து, படங்கள் இருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே 'பேக்கப்ஸ்' என்ற உள் ஃபோல்டரில் வைக்கிறது. எனவே முழு ஃபோல்டரையும் நகலெடுக்க வேண்டும். நகலெடுத்ததோடு நிற்காமல், வேறொரு கணினியில் அதை மீட்டுப் பார்க்கவும் வேண்டும். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

சர்வரைப் பார்த்துக்கொள்பவர் வீட்டில் ஒருவராகத்தான் இருப்பார். அவர் வெளிநாடு போனாலோ, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டாலோ மற்றவர்கள் திணறக் கூடாது. பாஸ்வேர்டுகளும், ஹார்ட் டிஸ்க் எங்கே இருக்கிறது, படங்கள் எந்த ஃபோல்டரில் கிடக்கின்றன என்ற விவரங்களும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எளிய தமிழில் எழுதப்பட்டு, வீட்டுப் பத்திரங்களோடு இருக்க வேண்டும்.

கதவைத் திறக்க வேண்டியவர்கள்

இணையம் வடிவமைக்கப்பட்டபோது எந்தக் கணினியும் எந்தக் கணினியோடும் நேரடியாகப் பேச முடிந்தது. இணையத்தில் கணினிகளை அடையாளம் காட்டும் ஐபிவி4 முகவரிகள் தீர்ந்தபோது நிலைமை மாறியது. ஆசிய-பசிபிக் பகுதியில் 2011 ஏப்ரலிலேயே தட்டுப்பாடு தொடங்கிவிட்டது. இன்று பல இணைய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்துகின்றன. அந்த வீடுகள் வெளியே போய்ப் பேசலாம். வெளியிலிருந்து யாரும் வீட்டை நேரடியாகக் கூப்பிட முடியாது. இதற்கான நிரந்தரத் தீர்வு ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை. அதன் பயன்பாட்டில் உலகின் முன்னணி நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இருந்தும், ஒவ்வொரு பிராட்பேண்ட் இணைப்போடும் முழுமையான ஐபிவி6 தருவதும், விருப்பப்பட்டவருக்கு நியாயமான விலையில் நிலையான முகவரி தருவதும் கட்டாயமாக வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இதை வீட்டு வாடிக்கையாளரின் அடிப்படை உரிமையாக அறிவிக்க வேண்டும்.

கல்லூரிகளுக்கும் பங்கு இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2011 முதல் பல லட்சம் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுத்திருக்கிறது. அவற்றில் பல இன்று வீட்டு மூலையில் கிடக்கின்றன. ராம் போதாததால் பழையவற்றில் இம்மிச் ஓடாது. போனுக்கும் கணினிக்கும் இடையே கோப்புகளை ஒத்திசைக்கும் சிங்க்திங் போன்ற எடை குறைந்த மென்பொருள் ஓடும். பொறியியல், கலைக் கல்லூரிகளின் கணினித் துறைகள், ஒவ்வொரு மாணவரும் தன் வீட்டுக்கு ஒரு சர்வர் அமைத்து, பேக்கப்பை மீட்டுக்காட்டி மதிப்பெண் பெறும் செய்முறைப் பாடமாக இதை வைக்கலாம். தமிழில் வழிகாட்டத் தொடக்கமும் இருக்கிறது: கணியம் இணைய இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவருகிறது, சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன.

தொடங்க நினைக்கும் குடும்பம் நிதானமாகத் தொடங்கட்டும். முதலில் கூகுள் டேக்அவுட் என்ற பதிவிறக்க வசதி வழியாக எல்லாப் படங்களையும் இறக்கி ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் வைக்கலாம். சர்வர் இல்லாமலேயே செய்யக்கூடிய வேலை அது, இன்றைக்கே செய்யலாம். பிறகு இம்மிச்சை நிறுவி, கிளவுட்டையும் நிறுத்தாமல், ஆறு மாதம் இரண்டையும் சேர்ந்து ஓட்டலாம். அந்த ஆறு மாதத்துக்குள் ஒருமுறை பேக்கப்பிலிருந்து மீட்டுப் பார்த்து, வீட்டில் இன்னொருவரும் அதைத் தனியாகச் செய்யக் கற்ற பிறகு சந்தாவைக் குறைப்பதா, தொடர்வதா என்று அந்தக் குடும்பமே முடிவு செய்துகொள்ளலாம்.